எண்ணிம விண்முகில் ஓவியம்

எண்ணிம விண்முகில் ஓவியம் என்பது, விண்மீன்களுக்கு இடையில் பரந்து கிடக்கும் வளிமமும் தூசும் கலந்த முகில்களையும் அவற்றைச் சூழ்ந்த விண்வெளிக் காட்சிகளையும் கணினியின் துணை கொண்டு உருவாக்கும் கலையாகும். இம்முகில்கள் நெபுலா என்ற பெயராலும் அறியப்படுகின்றன. அறிபுனைத் திரைப்படங்கள், நிகழ்பட விளையாட்டுக்கள், கோளரங்கக் காட்சிகள், நூல் அட்டைகள், அறிவியல் செய்திகள் ஆகியவற்றில் இவ்வகை ஓவியங்கள் பரவலாக இடம்பெறுகின்றன. இது விண்வெளி ஓவியம் எனப்படும் பழைய கலைத்துறையின் ஒரு பிரிவாகும்.

மலையை வரையும் ஓவியர், தாம் நேரில் கண்ட மலையோடு தம் படத்தை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். விண்முகிலை வரைபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. படங்களில் காணப்படும் செழுமையான வண்ணங்களுடன் ஒரு விண்முகிலை வெறுங்கண்ணால் கண்டவர் எவரும் இலர். ஆகவே இக்கலையில் "உண்மை போன்ற தோற்றம்" என்பது கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைவது அன்று. ஒளி, வளிமம், தூசு ஆகியவை இயங்கும் முறைக்கும், தொலைநோக்கிப் படங்களின் மரபுகளுக்கும் முரண்படாமல் வரைவதே இங்கு உண்மைத்தன்மை எனக் கருதப்படுகின்றது.

## கண்ணும் ஒளிப்படக் கருவியும்

மனிதக் கண்ணின் விழித்திரையில் கூம்பு உயிரணுக்கள், கோல் உயிரணுக்கள் என இரு வகை உயிரணுக்கள் உள்ளன. கூம்பு உயிரணுக்கள் நிறத்தைப் பிரித்தறிகின்றன. ஆனால் அவை இயங்குவதற்குப் போதிய ஒளி வேண்டும். மங்கிய ஒளியில் கோல் உயிரணுக்களே இயங்குகின்றன. அவற்றால் நிறத்தைப் பிரித்தறிய இயலாது. இதனால் தொலைநோக்கி வழியே நேராகப் பார்க்கும்போது பெரும்பாலான விண்முகில்கள் சாம்பல் நிறப் புகை போன்றே தெரிகின்றன. திருவாதிரை விண்மீனைக் கொண்ட ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஓரியன் விண்முகில் போன்ற ஒளிமிக்க சில மட்டுமே, பெரிய தொலைநோக்கிகளில் இளம் பச்சைச் சாயலைக் காட்டுகின்றன.

விண்கலம் ஒன்றில் ஏறி அருகில் சென்றால் விண்முகில் பிரகாசமாகத் தெரியும் எனப் பலர் எண்ணுவதுண்டு. இது சரியன்று. நெருங்கிச் செல்லும்போது கண்ணை வந்தடையும் மொத்த ஒளி கூடுகின்றது. ஆனால் முகில் வானில் அடைக்கும் பரப்பும் அதே விகிதத்தில் கூடுகின்றது. ஆகவே ஒரு குறித்த பரப்பின் ஒளிர்வு மாறுவதில்லை. முகிலின் நடுவில் நின்று பார்ப்பவருக்கும் அது வானெங்கும் பரவிய ஒரு மங்கிய ஒளியாகவே தோன்றும்.

ஒளிப்படக் கருவியின் நிலை வேறு. அது பல நிமிடங்கள், பல மணி நேரங்கள் ஒளியைச் சேர்த்து வைக்கக்கூடியது. நாம் அறிந்த விண்முகில் காட்சிகள் யாவும் இவ்வாறு சேர்த்துப் பெறப்பட்டவை. எனவே எண்ணிம ஓவியர் பின்பற்றும் முன்மாதிரி வானம் அன்று; வானத்தின் ஒளிப்படமே ஆகும்.

## வரலாறு

### கையால் வரைந்த காலம்

ஒளிப்படத்திற்கு முன்னர் வானியலாளர்கள் தொலைநோக்கியில் கண்டவற்றைக் கையால் வரைந்தனர். 1845 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பிர் கோட்டையில், 72 அங்குல விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கியின் வழியே ரோசு பிரபு வரைந்த எம்51 படம், ஒரு விண்பொருளின் சுருள் அமைப்பை முதன்முதலில் காட்டியது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய எத்தியென் லியோபோல்டு துரூவலோ, 1875-76 இல் ஓரியன் விண்முகிலை ஆராய்ந்து வரைந்தார். அவருடைய வானியல் ஓவியங்கள் 15 வண்ண அச்சுக்களாக 1882 இல் வெளியிடப்பட்டன.

1880 செப்டம்பர் 30 அன்று என்றி திரேப்பர் ஓரியன் விண்முகிலை ஒளிப்படம் எடுத்தார். ஒரு விண்முகிலின் முதல் ஒளிப்படம் இதுவே. இதற்கு 51 நிமிடங்கள் ஒளி சேர்க்கப்பட்டது. 1883 இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஐன்சிலி காமன் எடுத்த படத்தில், தொலைநோக்கியில் கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களும் பதிவாகின. அதன் பின்னர் விண்முகில்களைப் பதிவு செய்யும் பணி ஒளிப்படத்திற்குச் சென்றது. ஒளிப்படக் கருவி சென்றடைய இயலாத இடங்களைக் கற்பனையால் காட்டுவது ஓவியர்களின் பணியாயிற்று.

இவ்வழியில் புகழ் பெற்றவர் அமெரிக்க ஓவியர் செசிலி போன்சுடெல். டைட்டன் துணைக்கோளில் இருந்து சனிக்கோள் எவ்வாறு தெரியும் என்பதைக் காட்டும் அவரது ஓவியம் 1944 இல் லைஃப் இதழில் வெளியானது. தெளிந்த நீலவானில் சனி நிற்கும் அக்காட்சி பலரை விண்வெளி ஆய்வின்பால் ஈர்த்தது. ஆனால் 1980 இல் வொயேசர் 1 விண்கலம் டைட்டனை நெருங்கிச் சென்றபோது, அதன் வளிமண்டலத்தை அடர்ந்த செம்மஞ்சள் நிறப் புகைமூட்டம் மூடியிருப்பது தெரியவந்தது. டைட்டனின் தரையில் நிற்பவர் கண்ணுக்குச் சனி அவ்வளவு தெளிவாகத் தெரியாது. எத்துணை நுணுக்கமாக வரைந்தாலும், விண்வெளி ஓவியம் தன் காலத்து அறிவியலின் எல்லைக்கு உட்பட்டது என்பதற்கு இவ்வோவியம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

### திரைப்படமும் கணினியும்

கணினிக்கு முந்திய திரைப்படங்களில் விண்முகில்கள் நீர்மங்களைக் கொண்டு உருவாக்கப்பட்டன. 1968 இல் வெளியான "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" திரைப்படத்தில், நிறமிகளும் வேதிப்பொருட்களும் ஒன்றோடொன்று கலந்து பரவுவதை மிக அருகில் படம்பிடித்து விண்வெளிக் காட்சிகளாக்கினர். பின்னர், நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் நிறப்பொருளைச் செலுத்தி, அது முகிலாய் விரிவதைப் படம்பிடிக்கும் முறை பரவலாயிற்று.

1982 இல் வெளியான "ஸ்டார் டிரெக் 2: தி ராத் ஆஃப் கான்" இரு காலங்களும் சந்தித்த திரைப்படம் எனலாம். இதில் வரும் விண்முகில் நீர்த்தொட்டி முறையில் படமாக்கப்பட்டது. அதே படத்தில், ஒரு கோளின் மேல் நெருப்பு பரவும் காட்சி முழுவதும் கணினியால் ஆக்கப்பட்டது. அதற்காக வில்லியம் ரீவ்சு உருவாக்கிய துகள் தொகுதி முறை, இன்றும் புகை, நெருப்பு, தூசு ஆகியவற்றைக் காட்டப் பயன்படுகின்றது.

1983 இல் அமெரிக்கக் கணினியியலாளர் கென் பெர்லின் உருவாக்கி 1985 இல் வெளியிட்ட "பெர்லின் இரைச்சல்" எனும் கணித முறை இக்கலைக்கு அடிப்படையானது. முகில், பளிங்கு, புகை போன்ற இயற்கையான ஒழுங்கின்மையைக் கணினி தானே உண்டாக்க இம்முறை வழிசெய்தது. இதற்காக அவருக்கு 1997 இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் தொழினுட்ப விருது வழங்கப்பட்டது.

தனிநபர்கள் இக்கலையில் ஈடுபட வழிவகுத்தவை படம் தொகுக்கும் மென்பொருட்கள் ஆகும். அடோபி ஃபோட்டோஷாப் 1990 இல் வெளியாகி, 1994 இல் அடுக்குகளைக் கையாளும் வசதியைப் பெற்றது. கட்டற்ற மென்பொருளான கிம்ப் 1996 இல் பொதுமக்களுக்குக் கிடைத்தது. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் 2002 இல் கட்டற்ற மென்பொருளாக்கப்பட்டது.

## இயற்பியல் அடிப்படை

விண்முகில்களின் தோற்றம் அவை ஒளியை எவ்வாறு கையாள்கின்றன என்பதைப் பொறுத்தது. ஓவியர் அறிந்திருக்க வேண்டிய வகைகள் நான்கு.

* உமிழ்வு விண்முகில்: அருகிலுள்ள வெப்பம் மிக்க விண்மீனின் புற ஊதாக் கதிர்கள் வளிமத்தை அயனியாக்குவதால், வளிமம் தானே ஒளிர்கின்றது. ஐதரசன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பு ஒளியையும், 486.1 நானோமீட்டரில் நீலப்பச்சை ஒளியையும் உமிழ்கின்றது. இவை கலந்து இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன. இரு எதிர்மின்னிகளை இழந்த ஆக்சிசன் 500.7 நானோமீட்டரில் பச்சை ஒளியை உமிழ்கின்றது.
* எதிரொளிப்பு விண்முகில்: இதில் உள்ள தூசு தானே ஒளிர்வதில்லை, அருகிலுள்ள விண்மீனின் ஒளியைச் சிதறடிக்கின்றது. நீல ஒளி கூடுதலாகச் சிதறுவதால் இவ்வகை முகில்கள் நீலமாகத் தெரிகின்றன. கார்த்திகை விண்மீன் கொத்தைச் சூழ்ந்துள்ள முகில் இவ்வகையைச் சேர்ந்தது.
* இருண்ட விண்முகில்: அடர்ந்த தூசு பின்னால் உள்ள ஒளியை மறைக்கும்போது கருநிழலாகத் தெரிவது. ஓரியன் விண்மீன் கூட்டத்தில் உள்ள குதிரைத்தலை விண்முகில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு.
* கோள்வடிவ விண்முகில்: சூரியனை ஒத்த விண்மீன்கள் தம் இறுதிக் காலத்தில் வெளித்தள்ளும் வளிமக் கூடு. பெயரில் கோள் இருந்தாலும் கோள்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பொதுவாக ஆக்சிசனின் பச்சை ஒளி உட்புறத்திலும், சிவப்பு ஒளி வெளிவிளிம்பிலும் மிகுந்திருக்கும்.

உமிழ்வு விண்முகில்கள் வளிமத்தால் ஆனவை என்பது 1864 இல் வில்லியம் அகின்சு மேற்கொண்ட நிறமாலை ஆய்வினால் அறியப்பட்டது. அவர் கண்ட பச்சைக் கோடு எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால், "நெபுலியம்" என்ற புதிய தனிமம் ஒன்று இருப்பதாகப் பின்னர் கருதப்பட்டது. அது மிக அடர்த்தி குறைந்த சூழலில் உள்ள ஆக்சிசனின் ஒளியே என்பதை 1927 இல் ஐரா போவன் விளக்கினார்.

அடர்த்தி குறைவு என்பது ஓவியருக்கும் முதன்மையான செய்தி. பிரகாசமான உமிழ்வு விண்முகில்களில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு முதல் பத்தாயிரம் வரையான அணுக்களே உள்ளன. கடல் மட்டத்தில் நாம் மூச்சிழுக்கும் காற்றில் அதே அளவு இடத்தில் ஏறத்தாழ 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் உள்ளன. விண்முகில் பல ஒளியாண்டுகள் தடிப்புள்ளதாக இருப்பதாலேயே அது முகிலாகத் தெரிகின்றது.

### ஒளி வரும் திசை

ஒரு விண்முகிலின் வடிவத்தைப் பெரும்பாலும் அதன் உள்ளே அல்லது அருகே உள்ள சில வெப்பமிக்க விண்மீன்கள் செதுக்குகின்றன. அவற்றின் கதிர்கள் அடர்த்தி குறைந்த வளிமத்தை அரித்துச் செல்ல, அடர்ந்த பகுதிகள் தூண்களாக எஞ்சுகின்றன. இத்தூண்கள் ஒளி தரும் விண்மீன்களை நோக்கி நீண்டிருக்கும். அவ்விண்மீன்களைப் பார்த்த விளிம்பு மட்டும் பளிச்சென ஒளிரும். எனவே விண்முகிலை வரையத் தொடங்குமுன் முடிவு செய்ய வேண்டியது நிறம் அன்று. ஒளி தரும் விண்மீனின் இடமே ஆகும்.

## நிறமும் "படைப்பின் தூண்கள்" படமும்

1995 ஏப்ரல் 1 அன்று ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, கழுகு விண்முகில் எனப்படும் எம்16 இன் ஒரு பகுதியைப் படம்பிடித்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செஃப் எசுடர், பால் இசுகோவன் ஆகியோரின் ஆய்வுக்காக எடுக்கப்பட்ட இப்படம் "படைப்பின் தூண்கள்" எனப் பெயர் பெற்றது. எண்ணிம விண்முகில் ஓவியங்களில் பெரும்பாலானவை இன்றும் இப்படத்தின் சாயலைக் கொண்டுள்ளன.

ஹபிள் கருவி வண்ணப் படம் எடுப்பதில்லை. ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் ஒரு கருப்பு வெள்ளைப் படம் எடுக்கப்பட்டு, அதற்கு ஒரு நிறம் வழங்கப்படுகின்றது. இப்படத்தில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஐதரசனின் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிசனின் ஒளிக்கு நீலமும் வழங்கப்பட்டன. உண்மையில் கந்தகம், ஐதரசன் ஆகிய இரண்டின் ஒளியும் சிவப்பு நிறமே. இயல்பான நிறங்களையே வழங்கினால் அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆகவே இந்நிறங்கள் பொய்யானவை அல்ல. எந்தத் தனிமம் எங்குள்ளது என்பதைக் காட்டும் ஒரு குறியீட்டு முறை ஆகும். இது "ஹபிள் நிறத்தொகுதி" என அழைக்கப்படுகின்றது.

இப்படத்தின் மேல் வலது மூலை படிக்கட்டு போல வெட்டுண்டு கருமையாக இருக்கும். கருவியில் இருந்த நான்கு உணரிகளில் ஒன்று கூடுதல் நுணுக்கத்துடன் சிறிய பரப்பை மட்டும் படம்பிடித்ததே இதற்குக் காரணம். அறிவியல் படம் ஒன்று தன் குறையை மறைப்பதில்லை என்பதற்கு இம்மூலை சான்றாக உள்ளது.

இதே தூண்களை 2022 இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பு ஒளியில் படம்பிடித்தது. அதில் தூண்கள் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியனவாகவும், அவற்றைச் சுற்றி எண்ணற்ற விண்மீன்கள் தோன்றுவனவாகவும் உள்ளன. தூசு அகச்சிவப்பு ஒளியைக் குறைவாகவே தடுப்பது இதற்குக் காரணமாகும். ஒரே பொருளுக்கு இரு உண்மையான தோற்றங்கள் இருக்க இயலும் என்பதை இவ்விரு படங்களும் காட்டுகின்றன. ஓவியர் ஏதேனும் ஒரு நிறத்தொகுதியைத் தேர்ந்து, அதையே படம் முழுவதும் பின்பற்றுவது முறையாகும்.

கலை வரலாற்றாளர் எலிசபெத் கெசுலர், 2012 இல் வெளியான தம் நூலில், ஹபிள் படங்களின் அமைப்பையும் நிறத்தையும் 19 ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நிலக்காட்சி ஓவியங்களோடு ஒப்பிட்டுள்ளார். தூண்கள் மேல்நோக்கி நிற்பது போலப் படத்தைத் திருப்பி வைப்பதும் ஒரு தெரிவே ஆகும். விண்வெளியில் மேல், கீழ் என்பன இல்லை.

## உருவாக்கும் முறை

மென்பொருள் எதுவாயினும் அடிப்படைப் படிகள் ஏறத்தாழ ஒன்றே.

### பின்புலம்

படத்தை ஒரு நிறத்துக்கு 16 துணுக்கு ஆழத்தில் தொடங்குவது நன்று. 8 துணுக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. 16 துணுக்கில் 65,536 படிநிலைகள் உள்ளன. விண்வெளிக் காட்சிகளில் பெரும்பகுதி கருமைக்கு அண்மையில் இருப்பதால், படிநிலைகள் குறைந்தால் மங்கிய பகுதிகளில் பட்டை பட்டையான கோடுகள் தோன்றும். பின்புலத்தை முழுக் கருமையாக வைக்காமல் மிக ஆழ்ந்த சாம்பல் அல்லது நீலச் சாயலில் வைப்பது ஒளிப்படத்தின் தன்மையைத் தரும்.

### முகிலின் வடிவம்

முகிலின் அடிப்படை வடிவத்திற்கு இரைச்சல் வடிகட்டிகள் பயன்படுத்தப்படுகின்றன. ஒரே இரைச்சலைப் பல அளவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் இரு மடங்காகவும், அதன் வலிமை அரை மடங்காகவும் அமைவது வழக்கம். இவ்வாறு ஐந்தாறு படிகள் சேர்ந்ததும், பெரிய திரட்சிகளும் மெல்லிய இழைகளும் ஒருங்கே கொண்ட வடிவம் கிடைக்கும். தூரத்தில் இருந்து பார்த்தாலும் அருகில் பார்த்தாலும் ஒத்த தன்மை தெரியும் இத்தகைய வடிவங்கள் பகுவல் எனப்படுகின்றன.

இரைச்சல் மட்டுமே கொண்ட படம் எங்கும் ஒரே சீராக, பஞ்சு போலத் தோன்றும். எனவே அதை ஒரு மறைப்பின் வழியே வெட்டி, வளைத்து, முறுக்கி, பின்னர் தூரிகையால் கையாலேயே திருத்த வேண்டும். விண்மீனின் கதிர் வளிமத்தைத் தள்ளும் திசையில் இழைகளை இழுப்பதும், அதிர்ச்சி அலைகளின் கூர்மையான விளிம்புகளைச் சேர்ப்பதும் இக்கட்டத்தில் நிகழ்வன. கணினி தருவது ஒழுங்கின்மை. அதற்குக் காரணம் தருவது ஓவியரின் கை.

### ஒளியும் தூசும்

ஒளிரும் வளிமமும் மறைக்கும் தூசும் வெவ்வேறு கணக்குகளைப் பின்பற்றுகின்றன. ஒளிரும் முகிலுக்குப் பின்னால் இன்னொரு ஒளிரும் முகில் இருந்தால் இரண்டின் ஒளியும் கூடும். இதற்கு "ஸ்கிரீன்" அல்லது கூட்டல் கலப்பு முறை ஏற்றது. தூசு ஒளியை ஒரு பங்கு வீதம் குறைக்கின்றது. ஓர் அடுக்குத் தூசு பாதி ஒளியைத் தடுத்தால், அதே அளவான இரண்டாம் அடுக்கு எஞ்சிய ஒளியில் பாதியைத் தடுக்கும். கால் பங்கே வெளிவரும். இதற்குப் பெருக்கல் கலப்பு முறை பொருந்தும். எடுத்துக்காட்டாக, 0.5 ஒளிர்வுடைய இரு அடுக்குகளை ஸ்கிரீன் முறையில் கலந்தால் 0.75 கிடைக்கும், பெருக்கல் முறையில் 0.25 கிடைக்கும்.

தூசு நீல ஒளியைக் கூடுதலாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் தடுக்கின்றது. ஆகவே இயல்பான நிறங்களில் வரையும்போது, தூசு அடுக்கின் நிறம் சாம்பலாக இல்லாமல் பழுப்பாக இருத்தல் வேண்டும். அப்போது தூசின் மெல்லிய விளிம்புகளின் வழியே தெரியும் ஒளி செம்மை கொள்ளும். படத்திற்கு ஆழம் தருவதில் இச்சிறு மாற்றம் பெரும்பங்கு வகிக்கின்றது.

### விண்மீன்கள்

ஒளிப்பொலிவெண் ஒன்று கூடும்போது விண்மீனின் ஒளி ஏறத்தாழ 2.5 மடங்கு குறைகின்றது. அத்தகைய விண்மீன்களின் எண்ணிக்கையோ ஏறத்தாழ மூன்று மடங்கு கூடுகின்றது. அதாவது, படத்தில் மிக ஒளிமிக்க விண்மீன்கள் 10 என்றால், அடுத்த நிலையில் சுமார் 30, அதற்கடுத்து சுமார் 90 என்றவாறு அமைதல் வேண்டும். மிகப் பல மங்கிய புள்ளிகளும் மிகச் சில ஒளிமிக்க விண்மீன்களும் இருப்பதே இயல்பான வானமாகும்.

விண்மீன்கள் யாவும் புள்ளிகளே. ஒளிமிக்கவை பெரிதாகத் தெரிவது கருவியில் ஒளி பரவுவதால் ஆகும். ஆகவே அவற்றின் நடுப்பகுதி வெண்மையாகவும், சுற்றியுள்ள ஒளிவட்டம் விண்மீனின் நிறத்திலும் இருக்க வேண்டும். ஏறத்தாழ 3,000 கெல்வின் வெப்பநிலை கொண்டவை செம்மஞ்சளாகவும், 6,000 கெல்வின் அளவில் உள்ளவை மஞ்சள் கலந்த வெண்மையாகவும், 10,000 கெல்வினுக்கு மேற்பட்டவை நீலவெண்மையாகவும் தெரிகின்றன. பச்சை நிற விண்மீன் இல்லை.

விண்மீனிலிருந்து குச்சி போல நீளும் ஒளிக்கதிர்கள் தொலைநோக்கியின் அமைப்பால் உண்டாகும் விளிம்பு விளைவு ஆகும். ஹபிள் படங்களில் இவை நான்கு. துணை ஆடியைத் தாங்கும் நான்கு தண்டுகளே இதற்குக் காரணம். ஜேம்ஸ் வெப் படங்களில் ஆறு பெரிய கதிர்களும் இரு சிறிய கதிர்களும் உள்ளன. ஒரே படத்தில் உள்ள எல்லா விண்மீன்களிலும் கதிர்கள் ஒரே திசைகளில் நீள வேண்டும்.

### இறுதிச் சீரமைப்பு

ஓரியன் விண்முகிலின் நடுப்பகுதிக்கும் வெளிவிளிம்புக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு மிகப் பெரிது. வானியலாளர்கள் மங்கிய பகுதியை உயர்த்தி, ஒளிமிக்க பகுதியை அடக்கும் வளைகோடுகளைப் பயன்படுத்துகின்றனர். ஓவியத்திலும் இதையே செய்யலாம். இறுதியில் மிக நுண்ணிய மணித்தன்மையைச் சேர்ப்பது பட்டைகளை மறைப்பதோடு ஒளிப்படத் தன்மையையும் தருகின்றது.

## முப்பரிமாண முறை

தட்டையான ஓவியத்தில் பார்வையாளரால் முகிலுக்குள் நுழைய இயலாது. நகரும் காட்சிகளுக்கு, முகிலை ஒரு கனவெளியாகக் கருதி, ஒவ்வொரு புள்ளியிலும் அடர்த்தியும் உமிழும் ஒளியும் குறிக்கப்படுகின்றன. பின்னர், பார்வையாளரின் கண்ணிலிருந்து செல்லும் ஒவ்வொரு கதிர் வழியிலும் சிறு சிறு அடிகளாக நடந்து, சேரும் ஒளியும் இழக்கும் ஒளியும் கணக்கிடப்படுகின்றன. நியூயார்க்கின் ஹேடன் கோளரங்கம் 2000 இல் புதிதாகத் திறக்கப்பட்டபோது காட்டப்பட்ட காட்சியில், வானியலாளர்கள் அளந்த அமைப்பைப் பின்பற்றி ஓரியன் விண்முகில் இம்முறையில் ஆக்கப்பட்டிருந்தது.

## பொதுவான பிழைகள்

1. ஒளி தரும் விண்மீனைக் குறிக்காமல் எல்லாப் பக்கங்களையும் ஒரே அளவில் ஒளிரச் செய்தல்.
2. வானவில்லின் எல்லா நிறங்களையும் ஒரே முகிலில் கலத்தல்.
3. ஒரே அளவுள்ள விண்மீன்களைச் சீராகத் தூவுதல். அடர்ந்த தூசின் மேலும் அவற்றை அதே அளவில் தூவுதல்.
4. வெவ்வேறு விண்மீன்களுக்கு வெவ்வேறு திசைகளில் ஒளிக்கதிர்களை வரைதல்.
5. விண்கலத்தை மறைக்கும் மூடுபனி போல விண்முகிலைக் காட்டுதல்.
6. அளவை மறத்தல். படைப்பின் தூண்களில் பெரியது ஏறத்தாழ 4 ஒளியாண்டு நீளமுள்ளது. அதைச் சில நொடிகளில் சுற்றி வரும் விண்கலம் ஒளியை விடப் பல கோடி மடங்கு விரைவாகச் செல்ல வேண்டியிருக்கும்.

இவற்றுள் சில, கலை நோக்கில் தெரிந்தே மீறப்படுவதுண்டு. 2014 இல் வெளியான "இன்டர்ஸ்டெல்லர்" திரைப்படத்தின் கருந்துளை, இயற்பியலாளர் கிப் தோர்னின் சமன்பாடுகளைக் கொண்டு கணிக்கப்பட்டது. எனினும் அதைச் சுற்றும் வட்டின் ஒரு பக்கம் மிகப் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கியும் தெரிய வேண்டிய விளைவு, பார்வையாளரைக் குழப்பும் எனக் கருதித் தவிர்க்கப்பட்டது. அப்படத்தின் குழுவினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைத் தாமே குறிப்பிட்டுள்ளனர்.

## படமும் சான்றும்

எண்ணிம ஓவியங்கள் தொலைநோக்கிப் படங்களை நெருங்க நெருங்க, எது கண்டது, எது வரைந்தது என்ற வேறுபாடு மறையத் தொடங்குகின்றது. 2017 பெப்ரவரியில் டிராப்பிஸ்டு-1 விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்கள் பற்றிய அறிவிப்போடு, அவற்றின் நிலமும் நீரும் தெரியும் ஓவியங்கள் வெளியிடப்பட்டன. வானியலாளர்கள் உண்மையில் கண்டது, கோள்கள் கடக்கும்போது விண்மீனின் ஒளி சிறிது குறைவதை மட்டுமே. "ஓவியரின் கருத்துரு" என்ற குறிப்பு அவற்றோடு வெளியிடப்பட்டிருந்தது. ஆயினும் இத்தகைய குறிப்புக்கள் படம் கைமாறிச் செல்லும்போது எளிதில் தவறிப் போகின்றன.

2022 சூலை இறுதியில் பிரெஞ்சு இயற்பியலாளர் எத்தியென் கிளைன், சோரிசோ எனும் எசுப்பானியக் கொத்திறைச்சியின் ஒரு துண்டைக் கருப்புப் பின்புலத்தில் காட்டி, அது ஜேம்ஸ் வெப் எடுத்த பிராக்சிமா செண்டாரி விண்மீனின் படம் என நகைச்சுவையாக டுவிட்டரில் பதிந்தார். பலர் அதை நம்பினர். பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டு, படங்களை ஐயுற்று நோக்கப் பழக வேண்டும் என்பதே தம் நோக்கம் என விளக்கினார். அதே ஆண்டில், எழுத்தில் தரும் விவரிப்பிலிருந்து படம் ஆக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்களிடம் பரவின. இவை விண்முகில் படங்களை நொடிகளில் தருகின்றன. ஆனால் அவை கற்றது படங்களின் தோற்றத்தை மட்டுமே என்பதால், மேலே கூறப்பட்ட பிழைகள் பலவும் அவற்றில் காணப்படுவதுண்டு.

படத்தைப் பார்ப்பவர் வினவத்தக்கவை சில: எந்தத் தொலைநோக்கி எடுத்தது என்ற குறிப்பு உள்ளதா, பொருளின் பெயரும் பட்டியல் எண்ணும் தரப்பட்டுள்ளனவா, எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் வழங்கப்பட்டது என்பது கூறப்பட்டுள்ளதா என்பன. ஓவியர் தம் பங்கிற்கு, படத்தின் கோப்பிலேயே அது ஓவியம் எனப் பதிந்து வைப்பது நன்று. நன்கு வரையப்பட்ட விண்முகில் ஓவியம் தன்னை ஓவியம் என்று கூறிக்கொள்வதால் அதன் மதிப்பு குறைவதில்லை. டைட்டனின் வானத்தைத் தவறாகக் காட்டிய போன்சுடெல்லின் ஓவியம், ஓவியம் என்றே அறியப்பட்டதால் இன்றும் போற்றப்படுகின்றது.

## இவற்றையும் பார்க்க

* விண்முகில்
* விண்வெளி ஓவியம்
* ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி
* ஓரியன் விண்முகில்
* பகுவல்
* நிறமாலையியல்